கடற்காற்று வருவதற்குள்: இரண்டு போட்டிகளுக்கு நடுவே சென்னையில் ஏழு நாள்

ஜூன் 15, ஞாயிறு

ஆள் வந்தாச்சு, பை வரவில்லை.

துனிசியாவில் மொனாஸ்டிர் என்றொரு கடலோர ஊர். வருடம் முழுக்க ஏறக்குறைய வாராவாரம் எம்15, அதாவது தொழில்முறை ஆண்கள் டென்னிஸின் அடிப்படியிலுள்ள போட்டி, நடக்கிற இடம். அங்கே மூன்று வாரம் ஆடிவிட்டு விடியற்காலை மூன்றரைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கிய தம்பிக்கு, பெல்ட் முன்னால் ஒரு மணி நேரம் நின்றதுதான் மிச்சம். நான்கு ராக்கெட், இரண்டு ஜோடி ஷூ, பாதி தீர்ந்த ஒரு ரீல் ஸ்ட்ரிங், எல்லாம் அந்தப் பைக்குள். ஒரு ராக்கெட்டையும் ஒரு ஜோடி ஷூவையும் கைப்பையில் வைத்துக்கொள்வதுதான் எல்லா ஆட்டக்காரர்களும் வைத்திருக்கிற கட்டுப்பாடு. தோற்ற அலுப்பில் அதைக் கைவிட்டிருக்கிறான்.

பை வராவிட்டால் வெளியே வந்து டாக்சி பிடிக்கிற அவசரம் கூடாது. உள்ளேயே விமான நிறுவன மேசையில் புகார்ப் படிவம் எழுதி, எண் வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும். வெளியேறிவிட்டால் அப்புறம் நிரூபிப்பது நம் பாடு. பை தாமதமானதற்கு இழப்பீடு கேட்க, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம் உண்டு. உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் 7 நாள்தான். ராக்கெட் பிரேமில் மயிரிழை விரிசல் பத்து நாள் கழித்துத்தான் கண்ணில் படும் என்பதால் இந்த 7 நாள் முக்கியம்.

ஓய்வு வாரம் என்று பெயர். கோவையில் வீட்டிலிருந்து ஆடாமல் சென்னைக்கு வந்ததற்குக் காரணம் காற்றின் ஈரம்தான். அடுத்த மூன்று வாரப் போட்டிகள் தென்கிழக்கு ஆசியாவில். புழுக்கத்துக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கிக்கொண்டு அதைப் பழக முடியாது.

நுங்கம்பாக்கத்தில் அறை, ஏசியுடன் நாளுக்கு 1,600 ரூபாய். இரவு எட்டரைக்கு எதிர்ச்சந்தில் தள்ளுவண்டி இட்லி, நான்கு 40 ரூபாய். சாம்பார் கேட்காமலே மறுபடி மறுபடி ஊற்றினார் வண்டிக்கார அம்மா. “பையன் ஒல்லியா இருக்கானே, இன்னும் ரெண்டு வெச்சுக்கோ கண்ணு.” 71 கிலோ ஆளைப் பார்த்து இப்படிச் சொல்ல சென்னையில்தான் முடியும்.

ஜூன் 16, திங்கள்

பை இன்னும் வரவில்லை. கிளப்பில் கேட்டால் யாராவது ராக்கெட் கொடுப்பார்கள். வாங்கவில்லை. ஆட்டக்காரரின் நான்கு ராக்கெட்டும் ஒன்றுக்கொன்று ஓரிரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல், தலைப் பக்கம் ஈயப் பட்டை ஒட்டிச் சமன் செய்தவை. வேறு எடையில் இரண்டு மணி நேரம் அடித்தால் முழங்கைதான் பதில் சொல்லும்.

அதனால் இன்றைக்கு உடம்புக் கணக்கு. பிசியோவிடம் தோள்பட்டை அளவெடுப்பு: மல்லாக்கப் படுத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, முன்கையை உள்பக்கமாக எவ்வளவு சாய்க்க முடிகிறது என்று பார்ப்பார்கள். சர்வ் போடுகிற கையில் இந்தச் சுழற்சி மற்றக் கையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வித்தியாசம் 20 டிகிரியை நெருங்கினால் தோள் மக்கர் செய்யலாம் என்று எச்சரிக்கை. மூன்று வாரத் தொடர் ஆட்டத்துக்குப் பிறகு 16 காட்டியது. மருந்து எதுவும் இல்லை. ஒருக்களித்துப் படுத்து அந்தக் கையை உள்பக்கம் மெல்ல அழுத்தும் நீட்டல், 30 விநாடி, நாலு முறை. பிறகு ரப்பர் பட்டையில் வெளிச்சுழற்சி, 15 வீதம் மூன்று சுற்று. 900 ரூபாய்.

விமான ஏசியில் பிடித்த சளி வேறு. மருந்துக் கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். திருப்பிப் பின்பக்கம் படிக்காமல் வாங்கக் கூடாது. சூடோஎபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருந்தால் வேண்டாம். போட்டிக் காலத்தில் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் அது ஊக்கமருந்துக் கேஸ். போட்டிக்கு நாள் இருக்கிறதுதான், ஆனால் பழக்கம் விட்டுப் போகக் கூடாது. மிளகு ரசமும் ஆவியும் போதும் என்று முடிவாயிற்று.

இரவு ஒன்பது மணிக்குப் பை வந்தது. ஒவ்வொரு பிரேமையும் விளக்கடியில் உள்வளையம் முழுக்க விரல் ஓட்டிப் பார்த்து, உள்ளங்கையில் தட்டிக் கேட்டாயிற்று. விரிசல் இருந்தால் சத்தம் மங்கலாக வரும். நான்கும் தப்பின.

ஜூன் 17, செவ்வாய்

பெரியமேடு. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய சந்துகள். தோல் மண்டிகளுக்கு நடுவே வரிசையாக விளையாட்டுச் சாமான் கடைகள். ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவதற்கு இங்கே ‘கட்டிங்’ என்று பெயர். சென்னையில் கட்டிங் என்றால் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு, ஆட்டோக்காரர் எடுத்துக்கொண்டார். “காலங்காத்தாலயேவா சார்?” என்றார்.

பாய் கடையில் எலக்ட்ரானிக் மிஷின் ஒன்று. கூலி ராக்கெட்டுக்கு 250, ஸ்ட்ரிங் நம்முடையது. 200 மீட்டர் ரீலில், ராக்கெட்டுக்கு 12 மீட்டர் வீதம், 16 ராக்கெட் வரும்.

பழைய ஸ்ட்ரிங்கை அறுப்பதிலேயே பாய் யார் என்று தெரிந்துவிட்டது. ஓரத்திலிருந்து வரிசையாக அறுக்கிறவர் கடையில் ராக்கெட் கொடுக்காதீர்கள். நடுவிலிருந்து தொடங்கி, நெடுக்கில் ஒன்று குறுக்கில் ஒன்றென்று மாற்றி மாற்றி வெளிப்பக்கமாகப் போனால்தான் இழுவிசை சமமாக விடுபடும். இல்லாவிட்டால் பிரேம் கோணும். அடுத்து, ஸ்ட்ரிங் நுழைகிற பிளாஸ்டிக் குழாய்கள். ஒன்றில் விளிம்பு தேய்ந்து கூர்மையாகி இருந்தது. அதை மாற்றாமல் போட்டால் புது ஸ்ட்ரிங் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். கிளாம்ப் பற்களை ஸ்பிரிட்டில் துடைத்தார். பிசுக்கு இருந்தால் பிடி வழுக்கி இரண்டு மூன்று பவுண்டு சத்தமில்லாமல் போய்விடும்.

ஆறு இடத்தில் பிரேமை முடுக்கி, நெடுக்குக் கம்பிகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி 52 பவுண்டில் இழுத்தார். ஒரு பக்கம் மற்றதைவிட இரண்டு கம்பிக்கு மேல் முந்தக் கூடாது. 16 நெடுக்கு முடிந்தது. குறுக்கில் ஐந்தாவது போகும்போது கரண்ட் போய்விட்டது.

இந்த இடம்தான் ஆபத்து. நெடுக்கு மட்டும் முழு இழுவையில் இருக்க, குறுக்கு இல்லாத பிரேம் மேலும் கீழும் நசுங்கிப் பக்கவாட்டில் விரியப் பார்க்கும். அதைத் தாங்கிக்கொண்டிருப்பது மிஷினின் ஆறு பிடிகள்தான். அந்த நேரத்தில் கழற்றினால் பிரேம் காலி. பாய் பதறவில்லை. ஃபேன் இல்லாத கடையில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பின்னால் துணி போட்டு மூடியிருந்த பழைய எடை மிஷினைக் காட்டினார். கம்பியில் தொங்கும் எடைக்கல் தானே கீழிறங்கி இழுக்கிற வகை, கரண்ட் தேவையில்லை. “அதுல மாத்தலாமா பாய்?” என்று தம்பி கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டார். “பாதி வேலையில வீட்ட மாத்தக் கூடாது தம்பி. இரு, வரும்.” 25 நிமிடத்தில் வந்தது. குறுக்கு 50 பவுண்டு, தலையிலிருந்து பிடிப் பக்கம் நோக்கி. மற்ற மூன்றில் ஒன்றுக்கு 54, ஒன்றுக்கு 50, இன்னொன்றுக்கு 52. பிடியில் மார்க்கரால் எழுதிக்கொண்டோம்.

பாலியஸ்டர் ஸ்ட்ரிங் முதல் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இறுக்கத்தை இழந்துவிடும். அதனால் போட்ட அன்றே சோதித்துப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று முடிவு கட்டக் கூடாது.

மாலை ஏழரைக்குள் போன் வேலை. ஜூன் 30 வாரப் போட்டிகளிலிருந்து விலகக் கடைசி நேரம் இன்றைக்கு 14:00 ஜி.எம்.டி, அதாவது நமக்கு இரவு 7:30. போட்டி தொடங்கும் திங்களுக்கு 13 நாள் முன்பான செவ்வாய். அந்த வாரத்துக்குப் பெயர் கொடுத்திருந்த போட்டிகளின் பட்டியலை ஏழு இருபதுக்குப் பார்த்து, ஒன்றைத் தவிர மற்றவற்றிலிருந்து விலகியாயிற்று.

ஜூன் 18, புதன்

ஐந்தே காலுக்கு எழுந்து வாழைப்பழம் இரண்டு, பிரெட், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. பொங்கல் ஆகாது, நெய் வயிற்றில் கிடந்து ஏழு மணிக்கு ஏப்பமாக வரும்.

ஜூன் மாதச் சென்னையில் நாளை மூன்றாகப் பிரிக்கிறார் கிளப்பின் கிரவுண்ட்ஸ்மேன் அண்ணன். ஆறிலிருந்து எட்டரை வரை காற்றே இருக்காது, ஆனால் ஈரம் அதிகம். ஒன்பதிலிருந்து மதியம் வரை மேற்கிலிருந்து உலர்ந்த அனல். அப்புறம் கடற்காற்று. அது பன்னிரண்டு ஒரு மணிக்கே வந்துவிட்டால் பிழைத்தோம். மேல்காற்று பலமாக இருந்து, கடற்காற்று மூன்று மணி வரை உள்ளே நுழைய முடியாமல் போனால் அன்றைக்கு நுங்கம்பாக்கத்தில் 39, 40 என்று செய்தியில் வாசிப்பார்கள். வானிலை மையம் இருப்பதும் இதே நுங்கம்பாக்கம்தான். அந்த எண் அளக்கப்படுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பந்தடிக்கிறோம்.

பந்துக்கும் இந்த மூன்று வேளை மூன்று குணம். அனலில் உள்காற்று விரிந்து பந்து துள்ளும், ஸ்ட்ரிங்கும் இளகும், இரண்டும் சேர்ந்து அடி நீளமாகப் போகும். கடற்காற்று வந்ததும் பந்தின் ரோமம் ஈரத்தைக் குடித்து உப்பும். பந்து கனக்கும், வேகம் குறையும். ஒரே ராக்கெட், ஒரே ஆள், காலையில் அவுட் போன அடி மாலையில் சர்வீஸ் கட்டத்தைத் தாண்டினால் அதிசயம்.

ஆறு முதல் ஏழரை வரை ஆட்டம். முன்னும் பின்னும் எடை. 71.4 கிலோவில் தொடங்கி, வியர்வை துடைத்து உலர்ந்த நிக்கரோடு நின்றபோது 69.6. நடுவே குடித்தது 1.2 லிட்டர். ஆக மொத்த வியர்வை 3 லிட்டர், மணிக்கு 2 லிட்டர். குடித்தும்கூட உடல் எடையில் 2.5 சதவீதம் போயிருக்கிறது. 2 சதவீதத்தைத் தாண்டினாலே கால் தாமதமாகும். பெரும்பாலானவர்களின் வயிறு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஏற்காது, ஆகவே ஆட்டத்தின்போதே முழுக்க ஈடுகட்டுவது நடக்காத காரியம். குறைந்த 1.8 லிட்டருக்கு ஒன்றரை மடங்கு, 2.7 லிட்டரை அடுத்த நான்கு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும்.

எதைக் குடிப்பது என்பதில்தான் நம் ஊரில் குழப்பம். கிளப் வாசலில் இளநீர் 60 ரூபாய். நல்ல பொருள், குடிக்கலாம். ஆனால் அதில் அதிகம் இருப்பது பொட்டாசியம். வியர்வையில் போவது சோடியம். லிட்டர் வியர்வைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் என்று வைத்தால், இன்று காலை மட்டும் போனது ஏழு கிராம் சாப்பாட்டு உப்புக்கு மேல். ஆளுக்கு ஆள் இது மாறும். கறுப்புத் தொப்பியில் வெள்ளைக் கோடு படிகிற ஆளுக்கு அதிகம். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் கெட்டியாகி வயிற்றைப் புரட்டும். மீதியை உப்புத் தூக்கலான நீர்மோரும் சாம்பாரும் ஊறுகாயும் பார்த்துக்கொள்ளும்.

ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து. 70 கிராம் வேண்டுமென்றால் வெந்த சோறு 250 கிராம். தயிர் சாதம், இரண்டு முட்டை, முடிந்தது. பவுடர் டப்பா விற்கிறவர்கள் மன்னிக்கவும்.

வள்ளுவர் கோட்டம் பக்கம் கம்பங்கூழ் வண்டி, சொம்பு 40 ரூபாய். மோர் மிளகாயும் மாங்காயும் இலவசம். “வெயில்ல ஆடுறவங்களுக்கு ரெண்டாவது ரவுண்டுக்குக் காசு இல்ல” என்று ஊற்றினார். உப்பு, மாவு, நீர், மூன்றும் ஒரே சொம்பில்.

ஜூன் 19, வியாழன்

பந்து டப்பா மூன்று பந்தோடு 420 ரூபாய். பயிற்சிக்கு 36 பந்து, 12 டப்பா. எட்டுப் பந்து அடித்து 25 விநாடி இடைவெளி, இப்படி ஆறு முறை; பிறகு 90 விநாடி உட்கார்தல். புள்ளிகளுக்கு நடுவே 25, பக்கம் மாறும்போது 90 என்பது விதியில் உள்ள நேரம். பயிற்சியிலும் அதே மூச்சு பழக வேண்டும். கூடை தீரும் வரை நிறுத்தாமல் அடிப்பது பார்க்கத்தான் அழகு. எந்த ஆட்டமும் அப்படி நடப்பதில்லை.

நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் வேலி ஓரம் அரை மணி நேரம் நின்றார். “ரேங்க் எவ்ளோப்பா?” என்றார். தம்பி சொன்னதும் முகம் கொஞ்சம் இறங்கியது, உடனே சமாளித்துக்கொண்டார். ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியதை, இரண்டு முறையும் தோற்றது அந்த வருடச் சாம்பியனிடம்தான் என்பதைச் சேர்த்தே சொன்னார். முதலில் பிரேசர், அடுத்து லேவர். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 1997 முதல் 2017 வரை நடந்த ஏடிபி (ஆண்கள் டென்னிஸின் மேல்மட்டத் தொடர்) போட்டிக்கு ஒரு வருடம்கூடத் தவறியதில்லையாம். சுவிட்சர்லாந்தின் வாவ்ரிங்கா அங்கே நாலு தடவை ஜெயித்ததை விரல் விட்டு எண்ணினார். போகும்போது “பேக்ஹேண்ட் நல்லா இருக்கு, கால்தான் லேட்டு” என்றார். தராசு சொன்னதைப் பெரியவர் தராசில்லாமல் சொல்லிவிட்டார்.

வலது பெருவிரல் அடியில் கொப்புளம். ஈரச் சாக்ஸின் வேலை. விளிம்பில் சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் அப்படியே விட்டு, ஜிங்க் ஆக்சைடு டேப் ஒட்டினோம். தோலை உரித்தவர்கள் நாலு நாள் நொண்டுவார்கள். இனி அரை மணிக்கு ஒரு முறை சாக்ஸ் மாற்றம்.

இரவு 7:30, ஜூலை 7 வாரத்துக்குப் பதியக் கடைசி நேரம். போட்டித் திங்களுக்கு 18 நாள் முந்தைய வியாழன். ஒரே வாரத்துக்கு விருப்ப வரிசை போட்டு ஆறு போட்டிகள் வரை கொடுக்கலாம். கொடுத்தாயிற்று.

ஜூன் 20, வெள்ளி

மூன்று மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு இடியோடு ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தது. மாலைக்குக் கட்டிய கோர்ட் வாடகை திரும்பாதாம். மழைக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். நம் பொறுப்பா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

கிரவுண்ட்ஸ்மேன் அண்ணன் ரப்பர் தள்ளுகட்டையோடு இறங்கினார். ஹார்ட் கோர்ட் கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கச் சரிவோடுதான் போடப்பட்டிருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தள்ள வேண்டும், குறுக்கே தள்ளினால் நீர் திரும்பி வரும். தேங்கிய இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுப் பார்த்தார். மூழ்கியது. அங்கே கோணித்துணி. வெள்ளைக் கோடுகள்தான் கடைசியில் காயும், காயும் வரை வழுக்கும். ஐந்தரைக்குப் பழைய பந்துகளை வைத்து சர்வ் மட்டும் 60. ஈரத் தரையில் புதுப் பந்தை இறக்கினால் 420 ரூபாயைத் தண்ணீரில் நனைத்த மாதிரி.

அறையில் நாளுக்கு ஏழு சட்டை காய வேண்டும். காயாது. தெருமுனை இஸ்திரி வண்டியில் ஈரத்தோடேயே கொடுத்தால் கரிப்பெட்டிச் சூட்டில் உலர்த்தித் தருகிறார், உருப்படிக்கு 12 ரூபாய். ஷூவுக்குள் தினத்தந்தி. உள்தகட்டை வெளியே எடுத்துவிட்டுத் தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வெயிலில் வைத்தால் ஒட்டுப் பசை விடும்.

மழை நேரத்தில் போட்ட கணக்கு: அறை ஆறு இரவு 9,600, கோர்ட் நாலு நாள் 7,000, பந்து 5,040, கட்டிங் 1,000, பிசியோ இரண்டு தடவை 1,800, இருவர் சாப்பாடு 7,800, ஆட்டோ 2,100. மொத்தம் 34,340. மொனாஸ்டிரில் கடைசி வாரம் முதல் சுற்றில் ஜெயித்து இரண்டாவதில் தோற்றதற்குக் கிடைத்தது ஒரு தரவரிசைப் புள்ளியும் 258 டாலரும். அதாவது ஏறக்குறைய 22,000 ரூபாய், அங்கே பிடித்த வரிக்கு முன்.

ஜூன் 21, சனி

இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் வாட்ஸ்ஆப்பில் கிடைத்தார். மூன்று செட். முதல் செட் 50 பவுண்டு, அடுத்தது 52, பிறகு 54. காலை ஏழு மணி ஈரத்தில் 50 நன்றாகவே இருந்தது. ஒன்பதரை அனலில் 52 கைக்கு அடங்கவில்லை, எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் போனது. 54 பிடித்தது. அடுத்த பயணத்துக்குப் பகல் ஆட்டத்துக்கு 54, விளக்கு வெளிச்சத்து ஆட்டத்துக்கு 51 என்று பிடியில் எழுதியாயிற்று. பிடியின் மேல் சுற்றுகிற டேப் செட்டுக்கு இரண்டு.

எடை 71.0இல் தொடங்கி 69.9. குடித்தது 1.5 லிட்டர். புதனைவிடக் கால் லேசாக இருப்பதாகச் சொன்னான். நாலே நாளில் முழுப் பழக்கம் வராது. ஆனால் ரத்தத்தின் நீர்ப்பங்கு முதல் நாலைந்து நாளிலேயே கூடத் தொடங்கும். கோவையில் நாலு நாள் இருந்தால் அது பெரிதாகக் கலையாது, மதியம் இரண்டு மணிக்கு ஓடினால்.

இரவு சென்ட்ரலில் சேரன் எக்ஸ்பிரஸ். போர்ட்டர் பையைத் தோளில் தூக்கிப் பார்த்து “கேரம் போர்டா தம்பி?” என்றார். ராக்கெட்டுகளை மேல் பெர்த்தில் ஆளோடு படுக்க வைத்தாயிற்று. அரக்கோணம் தாண்டியதும் ஷூவிலிருந்து பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் திணித்தோம். எதிர் பெர்த் அம்மா பாதி பிரித்த புளியோதரைப் பொட்டலத்தை மறுபடி கட்டிவிட்டு, “ஏம்ப்பா, கதவாண்ட போய் பண்ணக் கூடாதா?” என்றார்.